மீட்கப்பட்டவள் மீட்டவனுக்குப் பரிசல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதக் கடத்தலைக் களமாகக் கொண்ட கிறிஸ்தவக் காதல் பரபரப்பு நாவல்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். அமெரிக்காவில் இவ்வகை நாவல்களுக்கென்றே பதிப்பகங்களும் பெரும் வாசகர் கூட்டமும் இருப்பதை எடுத்துக்காட்டி, இத்தகைய கதைகள் தமிழிலும் எழுதப்பட வேண்டும், திருச்சபைக் குடும்பங்களின் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அந்த விருப்பம் எனக்கும் உண்டு. தென் மாவட்டத்தில் அருட்சகோதரிகள் நடத்தும் பெண்கள் இல்லம் ஒன்றில் நான் பல ஆண்டுகளாகத் தையல் கற்றுத் தருகிறேன். எங்கள் ஆலயத்தின் சிறு நூலகமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் கண்டதையும் கேட்டதையும் கொண்டு, இந்தக் கதைகளைத் தமிழில் எழுதப் போகிறவர்களிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். காதலையும் மீட்பையும் ஒரே கதையில் வைக்கும்போது, மீட்கப்பட்ட பெண் மீட்டவனுக்குக் கிடைக்கும் பரிசாக ஆகிவிடக் கூடாது.

இந்த நாவல்களின் கட்டமைப்பு வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததே. வேலை தருவதாகச் சொன்னவர்களை நம்பி ஓர் இளம்பெண் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறாள். அங்கே அடைத்து வைக்கப்படுகிறாள். முன்னாள் படைவீரனாகவோ காவல்துறை அதிகாரியாகவோ இருக்கும் நாயகன், விசுவாசத்தை இழந்து தவித்துக்கொண்டிருக்கும் நிலையில், அவளைத் தேடிப் புறப்படுகிறான். இருட்டில் ஒரு துரத்தல், கதவுக்கு முன்னால் ஒரு ஜெபம், துப்பாக்கிச் சண்டை, மீட்பு, அதன்பின் ஆலயத்தில் திருமணம். இந்தக் கட்டமைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் ஒருநாளும் படிக்கப் போகாத ஒரு குடும்பத் தலைவி, இரவு பதினொரு மணிக்குச் சமையலறை வேலை முடிந்த பிறகும் விளக்கை அணைக்காமல் இத்தகைய கதை ஒன்றைப் படித்து முடிக்கிறார் என்றால், அந்தக் கதை ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. எங்கள் நூலகத்தில் பிரசங்கத் தொகுப்புகள் அட்டை கசங்காமல் அலமாரியில் இருக்க, கைமாறிக் கைமாறி முதுகு பிய்ந்து போயிருப்பவை கதைப் புத்தகங்கள்தான். இத்தனை பேரைச் சென்றடையும் என்பதால்தான் அந்தக் கதை எதைச் சொல்லித் தருகிறது என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

கடத்தல்காரர்களின் கையிலுள்ள கருவிகளில் மிகப் பழையதும் மிகவும் பலிக்கக் கூடியதும் காதல்தான். நேபாளத்தின் மலைக் கிராமங்களிலிருந்தும் மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியிலிருந்தும் பெருநகரங்களின் விடுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்களில் பலர் கைகால் கட்டித் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அல்லர். கைப்பேசியில் மாதக்கணக்காக அன்பாகப் பேசியவன், தாலி கட்டுவதாக வாக்களித்தவன், சிலருடைய விஷயத்தில் உண்மையாகவே ஒரு கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டவன், தானே ரயிலேற்றிக் கூட்டிப்போய் விற்றிருக்கிறான். தமிழ்நாட்டிலும் திருமணக் கனவைத் தூண்டிலாக்கிய வரலாறு உண்டு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லிச் சிறுமிகளைச் சேர்த்து, விடுதிக்குள்ளேயே வைத்து, வெளியே விடாமல் வேலை வாங்கினார்கள். உடல்நலம் கெட்டுத் தவணை முடியுமுன் வெளியேறிய பெண்கள் அந்தத் தொகையை இழந்தார்கள்.

மகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போகும் ஏழைப் பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் பதில் பல இடங்களில் இன்னும், "யாரையாவது காதலித்து ஓடியிருப்பாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள்" என்பதாகத்தான் இருக்கிறது. காணாமற்போன ஒவ்வொரு குழந்தையின் வழக்கையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்து, கடத்தலாகவே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் உத்தரவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவும், ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஒருவரை அழைத்துச் சென்றால், அவர் சம்மதித்துத்தான் வந்தார் என்பது குற்றத்தைத் தீர்மானிப்பதில் பொருட்டல்ல என்று தெளிவாகச் சொல்கின்றன. அவள் விரும்பித்தானே போனாள் என்று ஊர் சொல்லும் வாதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் இந்த ஒரு வரி நம் பத்திரிகைக் கதைகளில் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவில்லை.

கதை எழுதுவோர் மனத்தில் இருத்த வேண்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இல்லத்தில் தையல் வகுப்பு முடிந்த பின் படிப்பதற்காக, எங்கள் நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்துப் போவது என் வழக்கம். ஒருமுறை, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் இளம்பெண் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பாதிக்கு மேல் விடாமல் படித்தாள். பிறகு திடீரென்று மூடி, என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, முடிக்காமல் விட்டிருந்த பாவாடையின் கீழ்மடிப்பைத் தைக்கத் தொடங்கிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "டீச்சர், இவனும் அதையேதான் சொல்றான்." அவள் விட்ட பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நாயகன் நள்ளிரவில் வந்து நாயகியின் கையைப் பிடித்து, எதுவும் கேட்காதே, என்னை நம்பி வா, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் இடம் அது. எழுதியவருக்கு அது கதையின் மிக உருக்கமான கட்டம். அந்தப் பெண்ணுக்கோ தன்னை விற்றவன் சொன்ன அதே சொற்கள்.

நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் வசனம் ஒன்றாக இருக்கும்போது இருவரையும் வாசகி எதைக்கொண்டு பிரித்தறிவாள்? முகத்தின் அழகைக்கொண்டா, இடையிடையே வரும் வேத வசனங்களைக்கொண்டா? வேத வசனம் சொல்லி வேலைக்கு அழைத்துப்போன தரகர்களும் உண்டு என்பதை இல்லத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும். ஆகவே நாயகி வேண்டாம் என்று சொல்லும் ஒரு காட்சி, அதைக் கேட்டு நாயகன் கோபமோ நன்றி எதிர்பார்ப்போ இல்லாமல் விலகி நிற்கும் ஒரு காட்சி, இந்த வகை நாவலில் துரத்தல் காட்சியைவிட இன்றியமையாதது என்று கருதுகிறேன்.

கிறிஸ்தவ வரலாற்றிலேயே இதற்கு ஓர் ஒப்பற்ற முன்மாதிரி இருக்கிறது. புனித ஜோசப்பின் பகிதா ஏறத்தாழ 1869இல் சூடானின் டார்ஃபூர் பகுதியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே அடிமை வணிகர்களால் பிடித்துச் செல்லப்பட்டு, சந்தைகளில் பலமுறை விற்கப்பட்டார். அதிர்ச்சியில் பெற்றோர் இட்ட பெயரே அவருக்கு மறந்துபோயிற்று; அடிமை வணிகர்கள் வைத்த பெயரோடுதான் வாழ்ந்தார். துருக்கிய அதிகாரி ஒருவரின் வீட்டில் அவருடைய உடலில் கத்தியால் கோலம் கீறி, காயத்தில் உப்பைத் தேய்த்தார்கள். 1883இல் கார்ட்டூமில் இருந்த இத்தாலியத் துணைத் தூதர் அவரை விலைக்கு வாங்கினார். அடிக்காத முதல் எசமானர் அவர். ஒரு சராசரிக் கதாசிரியர் இங்கேயே கதையை முடித்து, நல்ல எசமானரின் வீட்டில் அவருக்கு ஒரு புது வாழ்வு தந்திருப்பார். உண்மையில், இத்தாலிக்கு வந்த பிறகும் அவர் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்ட பணிப்பெண்ணாகவே இருந்தார். அந்தக் குடும்பத்தினர் வெனிஸ் நகரில் கனோசிய அருட்சகோதரிகளிடம் அவரைச் சிறிது காலம் விட்டுப் போய், திரும்பி வந்து அழைத்தபோது, வரமாட்டேன் என்று அவர் சொன்னார். அந்தக் குடும்பத்தின் குழந்தையைத் தம் கையால் வளர்த்தவர் அவர். அந்தக் குழந்தையின்மேல் அவருக்குப் பாசம் இருந்தது. அந்தக் குடும்பத்து அம்மையாரிடம் நன்றியும் இருந்தது. இருந்தும் வரமாட்டேன் என்றார். வழக்கு நடந்தது. 1889 நவம்பர் 29 அன்று, இத்தாலியச் சட்டம் அடிமை முறையை ஏற்கவில்லை, எனவே இவர் சட்டப்படி ஒருபோதும் அடிமையாக இருந்ததே இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1890 ஜனவரி 9 அன்று அவர் திருமுழுக்குப் பெற்றார். தம் விருப்பத்தின்பேரில் அருட்சகோதரியாகி, 1947 பிப்ரவரி 8 அன்று இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டு அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய நினைவு நாளான பிப்ரவரி 8 இன்று மனிதக் கடத்தலுக்கு எதிரான செப நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்த வாழ்க்கையில் கதவை உடைத்து வந்தவர் ஒருவரும் இல்லை. அடைக்கலம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், வழக்கை எடுத்துச் சென்றவர்கள் இருந்தார்கள், தீர்ப்பெழுதிய நீதிபதி இருந்தார். எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது, நன்றிக் கடனின் பாரத்தை மீறி அந்தப் பெண் சொன்ன மறுப்பு. பரபரப்புக்கும் அதில் குறைவில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும்வரை அவர் எந்தப் பக்கம் போவார் என்று எவருக்கும் தெரியாது.

இத்தகைய நாவல்களை எழுதுவோர் தங்களுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் ஓசியா தீர்க்கதரிசியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறார்கள். வழி விலகிப்போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீண்டும் வாங்கிக்கொண்ட கணவனின் கதை அது. ஆண்டவர் தம் மக்கள்மேல் வைத்த அன்புக்கு அடையாளமாக அதை வாசிக்கும்போது நெஞ்சு உருகுகிறது. ஆனால் அதையே இக்காலத்து ஆணுக்கும் பெண்ணுக்குமான காதல் கதையின் அச்சாக எடுத்துக்கொண்டால், நாயகன் தேவனுடைய இடத்தில் அமர்ந்துவிடுகிறான். நாயகியோ எப்போதும் மன்னிக்கப்பட வேண்டியவளாக ஆகிவிடுகிறாள். கடத்தப்பட்ட பெண் எந்தப் பாவத்துக்காக மன்னிக்கப்பட வேண்டும்? அவளுக்கு எதிராகச் செய்யப்பட்டது குற்றம். அவள் செய்தது எதுவுமில்லை. அந்தப் புத்தகத்தில் அந்த மனைவி கோமேர் நேரடியாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் எழுத்தாளர்கள் ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வேற்றுநாட்டிலிருந்து வந்த ஏழை விதவை, பிழைப்புக்காக அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். இன்றைய மொழியில் சொன்னால், புலம்பெயர்ந்த தினக்கூலிப் பெண். வயலின் சொந்தக்காரனான போவாஸ் அவளைக் கண்டதும் முதலில் செய்வது என்ன? அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தன் வேலையாட்களுக்குக் கட்டளையிடுகிறான். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறான். வேலையிடத்தில் பெண்ணின் பாதுகாப்புக்கு இதைவிடப் பழைய ஒழுங்குமுறையை நான் எங்கும் படித்ததில்லை. திருமணப் பேச்சைத் தொடங்குவது ரூத். அவளைவிட நெருங்கிய உரிமையுள்ள உறவினன் ஒருவன் இருப்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லும் போவாஸ், மறுநாள் நகரவாசலுக்குப் போய், மூப்பர் பத்துப் பேரை உட்கார வைத்து, எல்லோர் முன்னிலையிலும் காரியத்தை முடிக்கிறான். இருட்டில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் காட்சி அதில் இல்லை. அவள் கேட்கிறாள், அவன் பகலில், சாட்சிகளை வைத்து, முறைப்படி செய்கிறான். மீட்பும் காதலும் ஒரே கதையில் எப்படி இணையலாம் என்பதற்கு நான்கே அதிகாரங்களில் இவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு இருக்கும்போது, நாம் வேறெங்கோ போய்த் தேடுகிறோம்.

மீட்பைப் பரபரப்பாகச் சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தங்கள் நாளிதழுக்கு நான் எழுதுவதால் பத்திரிகை உலகின் நிகழ்ச்சி ஒன்றையே சொல்கிறேன். 1885 ஜூலையில் லண்டனின் பால் மால் கெசட் இதழில் அதன் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், அந்நகரில் சிறுமிகள் விற்கப்படுவதைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டார். விற்பனை உண்மை என்று நிரூபிப்பதற்காக, இடைத்தரகி மூலம் எலிசா ஆம்ஸ்ட்ராங் என்ற 13 வயதுச் சிறுமியை ஐந்து பவுன் கொடுத்துத் தாமே வாங்கச் செய்தார். தொடர் நாட்டையே உலுக்கியது. பெண்ணின் சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது; ஜோசபின் பட்லர் போன்ற கிறிஸ்தவப் பெண்மணிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்ததற்கும் அப்போதுதான் பலன் கிடைத்தது. ஆனால் அந்தச் சிறுமி? மருத்துவச்சியின் சோதனைக்கு ஆளாக்கப்பட்டாள், மயக்க மருந்து கொடுக்கப்பட்டாள், விபசார விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டாள், பிறகு பிரான்சுக்கு அனுப்பப்பட்டாள். எதற்காக என்று அவளுக்குச் சொன்னவர் இல்லை. தந்தையின் அனுமதியைப் பெறாமல் அவளை எடுத்துச் சென்ற குற்றத்துக்காக ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருடைய நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டம் வந்ததற்கு அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இருந்தும், அந்தத் தொடரின் உயிரோட்டத்துக்காக அந்தக் குழந்தை செலவழிக்கப்பட்டாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் மண்ணில் நடந்ததையும் எழுத்தாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 1901 மார்ச் மாதத்தில், பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக வைத்திருந்த வீட்டிலிருந்து பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி, பக்கத்தில் உள்ள பண்ணைவிளைக்கு ஓடிவந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் போயிருந்தாள். பயந்துபோன தாய் திருப்பி ஒப்படைத்துவிட, பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை வந்தபோது, ஊரைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண் இரவில் அவளுக்கு இடம் கொடுத்து, காலையில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். டோனாவூரில் பின்னாளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு வீடாக விரிந்த பணி அதிலிருந்துதான் தொடங்கியது. அதில் வீர சாகசம் செய்தவர் யார் என்று கேட்டால், சூடுபட்ட கைகளோடு மீண்டும் ஓடத் துணிந்த அந்தச் சிறுமி என்பேன். வெள்ளைக்கார அம்மையாரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. இரவில் கதவைத் திறந்த அந்த ஊர்ப் பெண்ணைப் பற்றி எவரும் கதை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஏமி அம்மையார் 1951இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடப் போகாமல் இங்கேயே இருந்தார். பிள்ளைகளுக்குப் பால் கிடைக்காத நாட்களும், கடத்தல்காரி என்று அவர்மேலேயே சுமத்தப்பட்ட பழிகளும், வழக்குகளும் நிறைந்த ஆண்டுகள் அவை.

இந்தப் போராட்டம் கிறிஸ்தவர்களுடையது மட்டும் அல்ல என்பதையும் நேர்மையோடு எழுத வேண்டும். சட்ட மேலவையில் தேவதாசி முறை ஒழிப்புக்காக வாதாடி, ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சிறுமியாகவே அந்த முறைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, ஊர் ஊராகப் பேசி, 1936இல் அதைப் பற்றி நாவலே எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. மீட்கப்பட வேண்டியவளாக மற்றவர்கள் எழுதும் பெண், தானே பேனாவை எடுத்தால் கதை எப்படி மாறும் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த நாவல்கள் பெரும்பாலும் பாலியல் விடுதியையே களமாகக் கொள்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டு நிறுவனங்களும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அவர்களில் கட்டாயப் பாலியல் தொழிலில் இருந்தவர்கள் 63 லட்சம். மற்றவர்கள் வயலிலும் தொழிற்சாலையிலும் வீட்டு வேலையிலும் படகிலும் இருக்கிறார்கள். கட்டாயத் திருமணத்தில் இருப்பவர்கள் தனியே 2 கோடியே 20 லட்சம். நம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிய குற்றத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் மக்களை அறிவோம். கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் ஊர் திரும்பினார்கள். அந்த இளைஞன் திரும்பி வருவானா என்று ஊரில் காத்திருந்த பெண்ணை நாயகியாக வைத்து ஒருவர் எழுதக் கூடாதா?

மீட்புக்குப் பிறகு நடப்பவற்றை நாவல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. உண்மையில் கதை அங்கேதான் கனக்கத் தொடங்குகிறது. சிறுமியென்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறாள். வயதுவந்த பெண்ணென்றால், 1956ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின்படி நீதித்துறை நடுவர் விசாரித்து, காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். கொத்தடிமையாக இருந்தவர் என்றால், கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுவிப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல் மறுவாழ்வுத் தொகையில் ஒரு ரூபாயும் நகராது. நடுவர் முன் வாக்குமூலம், பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா, குறுக்கு விசாரணையில் அதே இரவைப் பற்றி அதே கேள்விகள். இதற்கிடையில் எதிர்த் தரப்பிலிருந்து அவளுடைய ஊருக்கு ஆள் போய், தம்பியின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதாகப் பேசியிருப்பார்கள். அவள் சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொல்வாளா, பிறழ்வாளா என்பதில் இல்லாத பரபரப்பா துப்பாக்கிச் சண்டையில் இருக்கிறது?

காப்பகமே சிறையாகிவிடுவதும் உண்டு. தம் விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. சோதனை, மீட்பு நடவடிக்கைகளின்போது பெண்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்றும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. செய்தித்தாளுக்குச் சொன்னது ஆலய மேடைக்கும் பொருந்தும் என்று நான் நம்புகிறேன். மீட்கப்பட்ட பெண்ணை நற்செய்திக் கூட்டத்தில் ஏற்றி, நடந்ததையெல்லாம் சொல்ல வைத்து, அடுத்த வரிசையில் காணிக்கைப் பை போவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் சம்மதித்துத்தான் பேசினாள் என்பார்கள். உண்ணவும் உறங்கவும் இடம் கொடுத்தவர்கள் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஓர் இல்லத்தின் பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் அங்கு பணி செய்யும் ஆண் காதல் சொல்வதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நாவலில் அது இனிமையாக இருக்கிறது. இல்லத்தில் அது நடந்தால் அந்த ஆணை அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும்.

அப்படியானால் இந்தப் பெண்களுக்குக் காதலே கூடாதா என்று கேட்கலாம். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். எங்கள் இல்லத்திலிருந்து போனவர்களில் மனம் ஒப்பி மணந்துகொண்டு, பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் நாளில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருமணங்களில் நான் கண்ட பொதுத்தன்மை ஒன்று உண்டு. வழக்கு முடிந்து, கையில் ஒரு தொழிலும் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் வந்த பிறகு, தன்னைக் காப்பாற்றிய எவனும் அல்லாத ஒருவனை, அவளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நடந்ததை எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்திருக்கிறாள். சொல்லாமலே விட்டவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. நாயகன் மீட்புக் குழுவில் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், மீட்ட கையோடு அவன் விலகிப் போகட்டும். ஆண்டுகள் கழித்து, அவனுடைய தயவு எதுவும் அவளுக்குத் தேவைப்படாத ஒரு நாளில், அவளே அவனைத் தேடி வரட்டும், அல்லது வராமலே இருக்கட்டும். அவள் வருவாளா என்று வாசகரும் அவனோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

இத்தகைய கதைகளைத் தமிழில் கொண்டுவர முன்வரும் பதிப்பகங்களும், கிறிஸ்துமஸ் சிறப்பிதழுக்குச் சிறுகதைப் போட்டி நடத்தும் திருச்சபை இதழ்களும், கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடமும் இல்லம் ஒன்றில் பணியாற்றும் ஓர் ஆலோசகரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மைக் கதை என்று விளம்பரம் செய்யப்படும் நூல்களில் ஊர், பெயர், பள்ளி, ஆலயம் ஆகியவை அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். குழந்தையாயின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். தங்கள் நாளிதழில் இத்தகைய தொடர்கதை எப்போதாவது வெளிவருமானால், ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181 ஆகிய இரண்டையும் கண்ணில் படும் எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை